வாசலில் அவள் சொன்னது

ஜனவரி 9

சென்சார் மேடத்துக்கு,

போனில் பேசினால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் திட்டுவதற்கு முன் கையாவது வலிக்கும், கொஞ்சம் யோசிப்போம் என்று நீதான் சொன்னாய். சரி, எழுதுகிறேன். என் கையெழுத்தைப் படித்து உனக்குத் தலைவலி வந்தால் நான் பொறுப்பில்லை.

இங்கே எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது, அதுதான் பிரச்சினையே. பல்கலைக்கழகத்தில் கடைசி முறையாக எக்ஸ்டென்ஷன் கொடுத்துவிட்டார்கள். ஜூன் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருடம் படித்ததற்குக் கையில் ஒரு காகிதம்கூட மிஞ்சாது. கைடு என்னை வராந்தாவில் பார்த்தால் இப்போதெல்லாம் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுகிறார். நம் துறையின் பெயர்ப் பலகைக்குப் புது வண்ணம் அடித்தார்கள். 'ஆசியப் பண்பாடு, சமூகம், சினிமா' என்பதில் இடம் போதாமல் 'சமூகம்' மட்டும் பொடியாக வந்துவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரிக்கிறார்கள், திருத்தத்தான் ஆளில்லை.

காலையில் எம்.ஏ. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டால் பாதிப்பேர் தூங்கிவிடுகிறார்கள், எழுப்ப எனக்கும் தெம்பில்லை. சாயங்காலம் வந்து அம்மாவுக்கு முட்டியில் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்தால், நேற்று எழுதியதை இன்று அடிப்பதிலேயே பொழுது போய்விடுகிறது.

உருப்படியாக முடிந்திருப்பது நான்காவது இயல் ஒன்றுதான். எம்.ஏ.வில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தமிழில் சப்டைட்டில் போட்டோமே, நீ இப்போது இருக்கும் நாட்டில் எடுத்த அந்த நெசவாலைக்காரி படம். அவள் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். வாசலில் நின்று புருஷனிடம் 'போயிட்டு வரேன்' என்கிறாள். அப்புறம் வருவதே இல்லை. படம் முடியும்வரை அவன் ஒருத்தன்தான் அந்த வீட்டில் இருக்கிறான். ஆய்வேட்டின் தலைப்பே ஆசிய சினிமாவில் காத்திருப்பு. காத்திருக்கும் ஆண்பிள்ளையை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் வேறில்லை என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறேன். மற்ற இயல்கள் எல்லாம் இதன் மேல் சாய்ந்துகொண்டுதான் நிற்கின்றன. அங்கே நீ வேலைசெய்யும் திரைப்படக் காப்பகத்தில் அந்தப் படத்தின் நல்ல பிரதி இருக்கிறது என்றாயே, வாசல் காட்சியிலிருந்து ஒரு ஸ்டில் எடுத்து அனுப்பு. நம்மிடம் இருப்பதில் அவள் மூக்கின் மேலேயே கீறல் ஓடுகிறது.

ஏப்ரலோடு உன் ஃபெல்லோஷிப் முடிகிறது. வருகிற தேதியைச் சொன்னால் அம்மாவுக்கு ஒரு பதில் சொல்வேன். 'உன் பொண்டாட்டி எப்பதான்டா வருவா' என்று தினமும் கேட்கிறாள். எனக்கும் அதே கேள்விதான். நான் கேட்டால் மட்டும் அது சண்டையாகிவிடுகிறது.

இப்படிக்கு,
புரொபசர்
(நீ வைத்த பட்டம். நிஜப் பட்டம் இன்னும் வந்து சேரவில்லை.)

~

ஜனவரி 27

புரொபசருக்கு,

கடிதத்தை ஜன்னலோரம் வைத்துப் படித்தேன். 'காத்திருப்பு' என்று நீ எழுதியது 'காய்ந்திருப்பு' மாதிரி இருந்தது. டைப் செய்பவரிடம் கொடுப்பதற்கு முன் நீயே ஒரு தடவை பார்த்துவிடு.

என் ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நிலவறையில் ஏசி போட்ட அறை. பழைய ரீல் டப்பா ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். புளித்த வாடை வந்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அதைத் தனியாக எடுத்து வைக்கவேண்டும். மிச்சத்தை மேசையில் குனிந்து ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். முதுகு போய்விட்டது. சளியும் பிடித்துக்கொண்டது, வாடை தெரியாமல் தடுமாறுகிறேன்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. இத்தனை மாதமாக சாயங்காலம் கிளம்பும்போது எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இன்னும் எத்தனை நாள் ஊமை வேஷம் போடுவது என்று தோன்றியது. பையை மாட்டிக்கொண்டு எங்கள் மேலாளர் அம்மாவிடம் போய், இந்த மொழியில் எனக்குத் தெரிந்த விடைபெறும் சொல்லைக் கணீரென்று சொன்னேன். அந்த அம்மா எழுந்து கதவைச் சாத்தினார். என்னை உட்கார வைத்து, யாராவது மனசு நோகப் பேசிவிட்டார்களா, ஏன் வேலையை விடுகிறாய் என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர் ஓடிப்போய் டீ வாங்கிவந்தார்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இங்கே கிளம்பும்போது சொல்ல இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று, போய்த் திரும்புகிறவர்கள் சொல்வது. அதைத்தான் தினமும் சொல்லவேண்டுமாம். இன்னொன்று, வேலையை விட்டோ வீட்டை விட்டோ ஒரேயடியாகப் போகிறவர்கள் சொல்வது. நான் இரண்டாவதைச் சொல்லியிருக்கிறேன். 'போறேன்' என்று சொல்லத் தமிழ் நாக்குக்கு வரவே வராது, நான் அதை அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு நின்றிருக்கிறேன்.

எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சொல்லை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நம் படத்தில் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது. வாசலில் அவள் சொல்வது அதுதான் என்று நினைக்கிறேன். ரீலைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் நீயாகக் கலவரப்படாதே.

சென்சார்

~

பிப்ரவரி 10

அம்மா தாயே,

கலவரப்படாதே என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஒன்று. அது பழைய படம். அந்தக் காலத்தில் இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் இருந்ததா என்று உன் மேலாளர் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, உனக்குச் சளி என்று நீயே எழுதியிருக்கிறாய். காது அடைத்திருக்கும். மூன்றாவது, நாம் அந்த வரியைப் போட்டபோது வகுப்பே பாராட்டியது. அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன். வெளியூர் கிளம்பும் ஒருத்தி வாசலில் நின்று புருஷனிடம் என்ன சொல்வாள் என்றேன். 'போயிட்டு வரேன்னுதான். வேற என்ன சொல்லுவா' என்றாள். போறேன் என்று சொல்லமாட்டாளா என்றதற்கு, 'வாயைக் கழுவுடா' என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

விளையாட்டு போதும். எனக்கு இருப்பது நாலு மாதம். நான்காவது இயல் போனால் முன்னுரையும் முடிவுரையும் போய்விடும். திரும்ப எழுத என்னிடம் சத்து இல்லை, நிஜமாகவே இல்லை. முப்பத்தைந்து வயதில் வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு முன்னால் நான் தூங்கிவிடுகிறேன். அந்த ரீலை ஜூன் வரை தொடாதே. அப்புறம் என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள். நான் உன்னிடம் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

தேதியை இன்னும் நீ சொல்லவில்லை.

புரொபசர்

~

மார்ச் 1

புரொபசருக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். வந்த பிறகு கேட்டிருந்தாலும் மறைத்திருக்கமாட்டேன். நீ என்னைச் சென்சார் என்று கூப்பிட ஆரம்பித்ததே நான் யார் எழுதிய தப்பையும் விடமாட்டேன் என்பதால்தானே.

அது இரண்டாவது சொல்தான். காது அடைக்கவில்லை, சளி போய்விட்டது. மேலாளர் அம்மாவையும் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். இந்தச் சொல்லுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே அர்த்தம்தான் என்று சொன்னார். அவள் அதை அழாமல், அவசரப்படாமல், கதவில் கை வைத்தபடி சொல்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. உட்கார்ந்து படி. நம் பிரதியில் அவள் பேசியதும் ஒரு வெட்டு வருமே, படம் ஒரு துள்ளு துள்ளிவிட்டுத் தெருவுக்குப் போய்விடும். இங்கே அந்த இடம் முழுசாக இருக்கிறது. அவள் சொன்னதும் அவன் 'தெரியும்' என்கிறான். அவ்வளவுதான் சொல்கிறான். சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக் கையில் கொடுக்கிறான்.

அதோடு மிச்சப் படத்தையும் பார்த்தேன். அவன் வாசல் விளக்கைச் சரிபண்ணுவானே, அவள் இருட்டில் வந்தால் வழி தெரியட்டும் என்பதற்காக என்று நீ எழுதியிருக்கிறாய். இப்போது பார்த்தால் விளக்கு கெட்டிருக்கிறது, சரிபண்ணுகிறான். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப்போடுவது தெருவைப் பார்க்க இல்லை, அங்கே காற்று வருகிறது. அவன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நாம் அந்த வரிக்கு அகராதியையே புரட்டவில்லை, ஞாபகமிருக்கிறதா? கடினமான வசனத்துக்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டோம். இது சுலபம், வாசலில் நிற்கிறவள் வேறென்ன சொல்லப்போகிறாள் என்று போட்டுவிட்டோம். படம் முடிந்து சப்டைட்டிலுக்கு வருகிற பெயர் இரண்டு பேருடையதும்தான். உன்னை மட்டும் சொல்லவில்லை. ஸ்டில்லை இதோடு வைத்திருக்கிறேன். இயலைத் திருப்பி எழுது. உன்னால் முடியும் என்று உனக்குத்தான் தெரியாது, எனக்குத் தெரியும்.

வேறொரு விஷயம். இங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

சென்சார்

~

மார்ச் 9

ஸ்டில் கிடைத்தது. நன்றாக இருக்கிறது.

ஒரே ஒரு கேள்விதான். ஒரு பக்கத்தில் அவள் திரும்பி வரப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்தில் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நடுவில் உன்னால் முடியும் என்று எனக்குத் தட்டிக்கொடுத்திருக்கிறாய்.

நீ எழுதியது படத்தைப் பற்றியா, உன்னைப் பற்றியா?

~

மார்ச் 20

புரொபசருக்கு,

படத்தைப் பற்றி.

படத்தைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். ஒரு வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் அர்த்தத்தைத் தோண்டி எடுக்க நமக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். நான் முதுகுவலி என்று எழுதினால் முதுகுவலி என்றுதான் அர்த்தம். நீ அதைக்கூடக் கேட்கவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. இங்கே வந்ததிலிருந்து உன் கடிதம், உன் போன், எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. எப்போது வருகிறாய்? அங்கே என்ன பார்த்தாய், யாரோடு சாப்பிட்டாய், அறை எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டிருக்கிறாயா? அந்த வீட்டில் இருந்தபோதும் இதே கதைதான். கைடு கூப்பிடட்டும் என்று இருப்பாய். பிரிண்டர் கடைக்காரன் போன் பண்ணட்டும் என்று இருப்பாய். கூப்பிடாவிட்டால் நான் போய் நிற்பேன். உன் அடிக்குறிப்புகளில் பாதி என் கையெழுத்தில் இருக்கிறது, போய்ப் பார். அதை உன் அம்மா உன் கெட்டிக்காரத்தனம் என்பார். நீ மறுக்கமாட்டாய்.

டிக்கெட் இம்மாதக் கடைசிக்குள் போட்டுவிடுவார்கள். ஏப்ரல் முப்பது இருக்கலாம். அலுவலகம்தான் பார்க்கிறது, எனக்கும் உறுதியாகத் தெரியாது. உன் அம்மாவிடம் சொல்லிவிடு.

இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதாதே. இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு விடவேண்டும்.

சென்சார்

~

ஏப்ரல் 8

சென்சாருக்கு,

நீ சொன்னபடி உடனே எழுதவில்லை. சில வேலைகள் செய்தேன்.

முதல் வேலையாக சப்டைட்டில் ஃபைலைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்றினேன். 'போயிட்டு வரேன்' என்பதை அழித்து 'போறேன்' என்று அடித்தேன். அடிக்கக் கை வரவில்லை. கெட்ட வார்த்தை எழுதுகிற மாதிரி இருந்தது. வெட்டு வருகிற இடத்தில், நம் பிரதியில் இல்லாத அவனுடைய 'தெரியும்' என்பதையும் போட்டேன். அதை அப்படியே முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பாதிப்பேர் வழக்கம்போலத் தூங்கினார்கள். முன்பெஞ்சில் ஒரு பெண் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் போட்டதும் எழுந்து, 'சார், அவர் காத்துட்டு இருக்காருன்னு போன வாரம் சொன்னீங்க. அவர் பாட்டுக்கு இருக்காரே சார்' என்றாள். நான் ஆமாம் என்றேன். மணி அடித்துவிட்டது.

அவன் பாட்டுக்கு இருக்கிறான். இத்தனை வருடம் பார்த்த படத்தில் இது எனக்குத் தெரியவில்லை. பழைய இயலைத் தூக்கிப்போட்டுவிட்டேன். புதிது பாதி எழுதியாகிவிட்டது. நன்றாக வந்திருக்கிறதா என்று தெரியாது, பொய்யாக வரவில்லை. கைடு வராந்தாவில் செருப்பு வாரைப் பிடிப்பதற்குள் நானே போய் எதிரில் நின்றேன். தலைப்பை மாற்றவேண்டும் என்றேன். 'இப்பவாய்யா' என்றார். பெருமூச்சு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜூனுக்குள் முடிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

அடிக்குறிப்புகளையும் பார்த்தேன். பாதி இல்லை, முக்கால்வாசி உன் கையெழுத்துதான்.

அப்புறம் உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். திட்டாதே, எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அங்கே இருப்பதெல்லாம் உனக்கு 'எங்கள்'. எங்கள் மேலாளர் என்று எழுதுகிறாய். இங்கே இருப்பது 'உன் அம்மா', 'அந்த வீடு'. கட்டிலும் அலமாரியும் நாம் சேர்ந்து சுமந்து ஏற்றின வீடு. நம் என்று நீ எழுதியிருப்பது படத்துக்கு மட்டும்தான். டிக்கெட் போடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். வருகிறேன் என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். நீ அங்கேயே இரு. இரண்டு வருடத்துக்குச் சரி என்று சொல்லிவிடு. அதற்கப்புறம் என்ன என்று நான் கேட்கமாட்டேன். எனக்குப் பாவம் பார்த்தோ, அம்மா கேட்கிறாள் என்றோ, சொன்ன தேதிக்கு வரவேண்டுமே என்றோ வராதே. நான் சமைக்கிறேன், சுமாராக வருகிறது. அம்மாவும் சாப்பிடுகிறாள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

முதுகுவலி எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினாயா? அறையில் வெயில் வருமா?

புரொபசர்

~

ஏப்ரல் 21

புரொபசருக்கு,

முதுகு பரவாயில்லை. அறையில் காலையில் கொஞ்ச நேரம் வெயில் வரும். டாக்டர், மேசையை உயர்த்திப்போடச் சொன்னார், பக்கத்து மேசைக்காரர் அடியில் செங்கல் வைத்துக் கொடுத்தார்.

இப்போது நான் சொல்வதை நம்பு. நீ என் கடிதங்களைத் தப்பாகப் படித்தாய். எங்கள், நம் என்று நான் எதையும் யோசித்து எழுதவில்லை. படத்தைப் பற்றி எழுதியது படத்தைப் பற்றித்தான். இரண்டு வருடத்துக்கு முடியாது என்று மேலாளர் அம்மாவிடம் போன மாதமே சொல்லிவிட்டேன். முப்பதாம் தேதிக்கு டிக்கெட் கையில் இருந்தது. பாதிப் பெட்டி கட்டியாகிவிட்டது. உன் அம்மாவுக்கு முட்டியில் மாட்டிக்கொள்ளும் உறை வாங்கினேன், கடைக்காரி அளவு கேட்டபோது என் முட்டியைக் காட்டிவிட்டு இதைவிடப் பெரிது என்றேன். உனக்கு ஒரு மேசை விளக்கு வாங்கினேன். நீ ஒன்றும் எழுதாமல் இருந்திருந்தால், இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற வேளையில் நான் அந்த வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். நான் வந்துதான் இருப்பேன். இதில் சந்தேகமே வேண்டாம்.

உன் கடிதம் மதியம் வந்தது. மேலே போய்ப் படிக்கப் பொறுமையில்லாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். தப்பாகப் படித்திருக்கிறானே இந்தப் பைத்தியம் என்று கோபம் வந்திருக்கவேண்டும். என்னை வேண்டாம் என்கிறானா என்று அழுகை வந்திருக்கவேண்டும். இரண்டும் வந்தன, பொய் சொல்லவில்லை, சாயங்காலம்வரை மாறி மாறி வந்தன. கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆனால் முதலில் வந்தது அது இல்லை. நீ அங்கேயே இரு என்ற இடம் வந்ததும் கடிதத்தை மடியில் வைத்தேன். என்னை அறியாமல் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. படியேறிப் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார், அவருக்குத் தமிழ் தெரியாது.

அப்பாடா என்றேன்.

வேறு அர்த்தம் இருக்குமா என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இல்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன், இருக்கிறேன் என்று மேலாளர் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன், நீ எதுவும் சொல்லவேண்டாம். உறையையும் விளக்கையும் தபாலில் அனுப்புகிறேன்.